உடைந்த தோணியின் குரல்

உப்பளத்திலிருந்து திரும்பினால் இசக்கித்தாய்க்குத் தினமும் இதே ரோதனை. மகன் செந்தூர்பாண்டி எவன் பிள்ளையையாவது அடித்திருப்பான்.

“ஏம்ல இப்படி என் உசிர வாங்குத?”

“கரையில கெடக்க ஒடஞ்ச தோணிக்குள்ள ஒண்ணு பேசுதும்மா. நான் எவனையும் அடிக்கலன்னா ஒன்னைக் கொன்னுருமாம்.”

அவனைத் தரதரவென்று இழுத்துப் போய்த் தோணியை ஓங்கி உதைத்தாள்.

“பதினாறு வயசுப் பயலையா மிரட்டுத? இந்தா நானே வந்துட்டேன், கொல்லு பாப்போம்!”

உள்ளே ஏதோ சிரித்தது. செந்தூர்பாண்டி பக்கத்தில் கிடந்த துடுப்பைத் தூக்கினான்.

“இப்போ ஒன்னையே அடிக்கச் சொல்லுதும்மா.”

இசக்கித்தாய்க்குப் பயத்தைவிட எரிச்சல்தான் பொத்துக்கொண்டு வந்தது.

“கூறுகெட்டவனே, அதுக்குக் கை இருந்தா ஒன்னை எதுக்குல ஏவுது?”

அவன் யோசித்தான். துடுப்பைக் கீழே போட்டான். சிரிப்பு சட்டென்று நின்றது. அதற்கப்புறம்தான் அவள் பயந்துபோய் மகனை இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.