இரண்டாவது கேப்டன்

பைலட் வேலைக்கு இன்டர்வியூ என்றால் காற்று, மேகம், எஞ்சின் என்று கேட்பார்கள் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது நாலாவது. முதல் மூன்றிலும் என் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார்கள். "பிள்ளை சின்னதா? யார் பார்த்துக்குவாங்க? நடுராத்திரி போன் பண்ணினா கிளம்பி வருவீங்களா?" எட்டு வருஷம் விமானம் ஓட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது? நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வேன். வேலை போய்விடும்.

நான் இருந்த விமானக் கம்பெனியை இழுத்து மூடி இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் இரும்புக் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறேன். பைலட் லைசென்ஸ் சுவரில் மாட்டிவைக்கிற பட்டம் இல்லை. ஓட்டாமல் விட்டால் செல்லாமல் போகும். மறுபடி பயிற்சி எடுக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் நான் பறந்தது அத்தோடு சரி.

நேற்று சாயங்காலம்தான் போன் வந்தது, நாளைக் காலையில் வாருங்கள் என்று. பிரைவேட் விமானக் கம்பெனிகளில் எல்லாமே இப்படித்தான், தலைபோகிற அவசரம். ஆறு பேர் உட்காருகிற ஒரே ஒரு ஜெட். அதற்கு இரண்டு கேப்டன்கள் இருந்தார்கள். ஒருவர் விலகிப்போய் எட்டு மாதமாகிறதாம். அந்த இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் ஸ்நேகாவுக்கு உடம்பு அனலாகக் கொதிக்க ஆரம்பித்தது. மூன்று வயதுக் குழந்தை. ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத் துணி போட்டுப்போட்டு எடுத்தேன். விடிந்தபோதுதான் அவள் தூங்கினாள். நான் கண்ணே மூடவில்லை.

"ஏட்டி, பிள்ளை இருக்குன்னு வாயத் தொறந்திராத, கேட்டியா?" என்றாள் அம்மா. "உறக்கம் இல்லன்னும் சொல்லிராத. மொகத்தக் கழுவி பவுடரப் போட்டுட்டுப் போ. இவள நான் பாத்துக்கிடுதேன்."

பவுடரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சங்குமுகம் பக்கம், விமானம் நிறுத்துகிற கொட்டகையை ஒட்டி அவர்களுடைய ஆபீஸ். உள்ளே முதலாளி ஷிஜா மேடம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், தோளில் கேப்டனுக்குரிய நாலு தங்கப் பட்டையோடு இருந்தவனைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அனந்த்! ஃபிளையிங் கிளப்பில் எனக்கு மூன்று வருஷம் ஜூனியர். கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பையன். அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றி, என் டிபன் பாக்ஸில் பாதியைக் காலி பண்ணினவன்.

"உட்காருங்க, கௌசல்யா மேடம்" என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மேடமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கனமழை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியலை. பின்னாடி இருக்கற பெரிய மனுஷர் இங்கேயே இறக்குன்னு சொல்றார். என்ன பண்ணுவீங்க?"

"கொச்சிக்குத் திருப்புவேன்."

"அவர் கத்தினா?"

"பைலட் அறைக் கதவைச் சாத்திக்குவேன்."

ஷிஜா மேடம் சிரித்துவிட்டார். "நம்ம பிளேன்ல கதவெல்லாம் இல்லை கேட்டோ. ஒரு கர்ட்டன் மட்டும்தான்."

அதற்குள் அனந்தின் போன் அடித்தது. "இடியாப்பம் போதும். மீன் கறி வேண்டாம், போன தடவை சீட்டுல ஏறின வாடையே இன்னும் போகலை" என்று சொல்லிவிட்டு வைத்தான். "இன்னிக்கு மத்தியானம் மேடத்தை பெங்களூருக்குக் கூட்டிண்டு போறேன். அதுக்குச் சாப்பாடு. இங்க அதுவும் பைலட் வேலைதான். பெட்டி தூக்கணும், சீட்டைத் துடைக்கணும். முடியுமா?"

"இரும்புக் கடைக்காரி சார் நான். பெட்டி ஒரு பாரமா?"

அவன் சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த சிமுலேட்டருக்குக் கூட்டிப்போனான். பொம்மை விமானம்தான் என்றாலும் உள்ளே எல்லாம் அசலைப் போலவே இருக்கும். நான் மேலே ஏற்றும்போதே ஒரு எஞ்சினை அணைத்துவிட்டான். என் கையும் காலும் என்னைக் கேட்காமலே வேலையைப் பார்த்தன. விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இழுத்தது, காலால் அழுத்தி நேராக்கினேன். சுற்றிவந்து பதற்றமில்லாமல் இறக்கினேன். இரண்டு வருஷம் ஆணி நிறுத்துப் போட்ட கை!

திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஷிஜா மேடம் முகத்தைப் பார்த்தாலே வேலை கிடைத்த மாதிரிதான் இருந்தது.

"கடைசியா ஒண்ணு" என்றான் அனந்த். "நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?"

எட்டு மணி நேரம் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கேட்கிறவன் பைலட். இந்த ஒரு கேள்விக்கு ஒரு பைலட் இன்னொரு பைலட்டிடம் பொய் சொல்லக் கூடாது. பாழாய்ப்போன வாய், வளையமாட்டேன் என்றது.

"தூங்கவே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல்."

"பிள்ளையோ?" ஷிஜா மேடம் நிமிர்ந்தார். "பிள்ளை இருக்கிறதை நீங்க சொல்லவே இல்லையல்லோ!"

"தூங்காமலா சிமுலேட்டர்ல ஏறினீங்க?" என்றான் அனந்த். "ஏறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும், இல்லையா?"

அவன் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது.

"சொல்லியிருந்தா? போயிட்டு அடுத்த வாரம் வான்னு சொல்லியிருப்பியா? பிள்ளை இருக்குன்னு சொன்ன மூணு இடத்துலயும் என்னைத் துரத்திவிட்டாச்சு. பெரிசா கேக்க வந்துட்டே! நீ எவ்வளவு நேரம்டா தூங்கினே?"

முதலாளிக்கு முன்னால், இன்டர்வியூ எடுக்கிறவனை 'டா' போட்டுவிட்டேன். சோலி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அனந்த் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"நல்ல கதை!" என்று சிரித்தார் ஷிஜா மேடம். "கேப்டன் மத்தியானம் என்னைக் கொண்டுபோகணும். அவர் உறங்காம இருப்பாரா?"

"ரெண்டு மணி நேரம், மேடம்" என்றான் அனந்த்.

மேடத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நேத்து ராத்திரி மும்பைலேர்ந்து வந்தப்புறம் உங்க விருந்தாளியோட பெட்டி ஒண்ணைக் காணோம். தேடிக் கொடுத்துட்டு, இன்னிக்குப் பயணத்துக்குப் பேப்பரெல்லாம் தயார் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காகிதத்துல என் ஓய்வு நேரம் சரியா இருக்கு, மேடம். ஆனா கண்ணுல இல்லை." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "இன்னிக்கு என்னால பறக்க முடியாது."

"இதை ஏன் முன்னமே என்கிட்ட சொல்லலை?"

"நான் போகலைன்னா வேற யார் இருக்கா, மேடம்?"

ஷிஜா மேடத்தின் முகம் சிவந்துபோயிருந்தது. பிறகு போனை எடுத்து யாரையோ, சாயங்காலம் பெங்களூருக்குச் சாதாரண விமானத்தில் டிக்கெட் போடச் சொன்னார். நான் என் ஃபைலைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். என் வேலையோடு இவன் வேலையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனே.

வாசல்வரை போன மேடம் திரும்பினார்.

"கௌசல்யா, மோளுக்குக் காய்ச்சல் விட்டதும் வந்து ஜாயின் பண்ணு. கேப்டனும் மனுஷன்தானே. அவரும் உறங்கணும்."

தலையை வேகமாக ஆட்டினேன். அவருடைய கார் கிளம்பிப்போகிற சத்தம் கேட்டது. அனந்த் தலையை மேஜைமேல் கவிழ்த்துவிட்டான்.

"ஏன்டா பாவி" என்றேன். "என்னை மாட்டிவிடத்தானே அந்தக் கேள்வியைக் கேட்டே?"

"இல்லைக்கா. எட்டு மாசமா வர்றவா எல்லார்கிட்டேயும் கேக்கறேன். மேடத்தைப் பக்கத்துல வச்சுண்டுதான் கேக்கறேன். எல்லாரும் நன்னா தூங்கினேன்னுட்டுப் போயிடறா."

"பின்ன எதுக்குடா கேக்கறே?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் என்னைத் திருப்பிக் கேக்கமாட்டாளான்னுதான், அக்கா."