மீன் கிடங்கில் ஒரு பனிமலை ஒத்திகை

கிழக்குத் தாம்பரத்தில் உள்ள ஒரு பள்ளியில் ஹில்டா உடற்பயிற்சி ஆசிரியை, அபிதகுஜாம்பாள் கணக்கு ஆசிரியை. இருவருக்கும் வயது ஐம்பத்திரண்டு. போன டிசம்பரில் ஆசிரியர் சுற்றுலாவாக மணாலிக்குப் போனபோது, சோலாங் சரிவில் அரை மணி நேரம் பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஹில்டா நின்றதைவிட விழுந்து கிடந்ததுதான் அதிகம். அபிதா விழவே இல்லை, நகர்ந்தால்தானே விழ. அதற்குள் பஸ்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுவிட்டார். அந்த அரை மணி நேரம் இருவருக்கும் போதவில்லை.

அடுத்த ஜனவரியில் தாங்கள் இருவர் மட்டும் போவது, ஓட்டல் வேண்டாம், வண்டியிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுச் சறுக்குவது என்று முடிவாயிற்று. எந்த வண்டி என்பதுதான் முடிவாகவில்லை.

அபிதாவின் கணவர் சுப்ரமணியன் நாவலூரில் ஒரு கம்பெனியில் மேலாளர். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. மலை ஏறலாம், ஆறு தாண்டலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய மூன்று வருடத்தில், வீடு இருந்த ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் நாவலூருக்கும் நடுவே மேடவாக்கம் சிக்னலைத்தான் தாண்டியிருந்தது.

"அதைக் குடுங்களேன்" என்றாள் அபிதா.

"பனியில விட்டா பெயின்ட் போயிடும். நீங்க வேற நல்ல வண்டியா பாருங்க. எது எதைப் பாக்கணும்னு நான் எக்செல் ஷீட் போட்டுத் தரேன்."

நாற்பத்தொரு வரியில் ஷீட் வந்தது. படுக்க இடம் இருக்கிறதா என்ற வரி மட்டும் அதில் இல்லை. ஆகவே பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனதும் ஹில்டா செருப்பைக் கழற்றினாள், பின் சீட்டை மடக்கினாள், படுத்தாள். அவள் ஐந்தடி ஒன்பது அங்குலம். பாதம் இரண்டும் வெளியே நின்றன. டேப்போடு அபிதாவும் பக்கத்தில் ஏறிப் படுத்தாள்.

"மேடம், எல்லாரும் ஓட்டித்தான் பாப்பாங்க" என்றார் விற்பனையாளர்.

"ஓட்டறது பகல்ல தம்பி. ராத்திரி பத்து மணி நேரம் படுக்கணும்ல" என்றாள் ஹில்டா.

மூன்று ஷோரூமிலும் இதே கதை. கடைசியில் ஹில்டா, தன் ஸ்கூட்டரைப் பார்க்கும் பம்மல் மெக்கானிக் சவுரிமுத்துவிடம் அபிதாவை அழைத்துப் போனாள். அவர் பட்டறையில் மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் வேன் விற்பனைக்கு நின்றது.

"அண்ணே, நாங்க குளிருக்குப் போறோம். நீங்க ஐஸ் பொட்டியைக் காட்டறீங்க" என்றாள் அபிதா.

"இன்னா மிஸ் நீங்க. வெயில்லேர்ந்து ஐஸ்கிரீம காப்பாத்துன பொட்டி, குளிர்லேர்ந்து உங்கள காப்பாத்தாதா? சொவுரு நாலு இஞ்ச் மொத்தம் கீது. காத்து வந்து போறதுக்கு மேல வழி வெச்சிக் குடுக்கறேன். நீட்டிப் படுங்க."

ஹில்டா நீட்டிப் படுத்தாள். கால் இடிக்கவில்லை. ஆனால் அபிதா கணக்கு ஆசிரியை. விடையைச் சரிபார்க்காமல் விடமாட்டாள். "நிஜக் குளிர்ல படுத்துப் பாக்காம வாங்கக் கூடாது" என்றாள்.

அப்போது மே மாதம். அக்னி நட்சத்திரம் வேறு. குளிருக்கு எங்கே போவது? சவுரிமுத்துதான் வழி சொன்னார். அவருக்குத் தெரிந்த ஏகநாதன் ஒரு மீன் குளிர்கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஓர் அறை காலி. லாரியே உள்ளே போகும். மைனஸ் பத்து.

"ஒரு மணி நேரம்தான் மிஸ். நான் கதவாண்டயே நிப்பேன்" என்று ஏகநாதன் சம்மதித்தார்.

வேனுக்குப் பின்னாலேயே சுப்ரமணியன் தன் ஜீப்பில் வந்தார். பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு சாட்சி வேண்டாமா என்றார். அவர் வெளியே நாற்பத்தொரு டிகிரியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது, குளிர் அறைக்குள் நிறுத்திய வேனின் பெட்டியில் இருவரும் கம்பளிப் பையில் புகுந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் பதினான்கு டிகிரி. அபிதா அதை நோட்டில் எழுதினாள். ஹில்டா பார்க்கவில்லை, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையிலேயே அவள் நன்றாகத் தூங்கியது அன்றுதான்.

வண்டியை வாங்கிவிடலாம் என்று அபிதா சொன்னாள். சவுரிமுத்து வேனைக் கிளப்பினார். வாசலுக்கு ஏறும் சின்னச் சரிவில் பனி படிந்திருந்தது. பின்சக்கரங்கள் சுற்றின, வேன் அசையவில்லை.

"சக்கரம் சுத்திக்கினே கீது, வண்டி நவுர மாட்டேங்குது" என்றார்.

தள்ளப் போன ஹில்டா, அபிதா, ஏகநாதன் மூவரும் வழுக்கி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சுப்ரமணியன் கிரேனைக் கூப்பிடலாம் என்றார். அபிதா அவருடைய ஜீப்பைப் பார்த்தாள்.

அவர் ஜீப்பை உள்ளே கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். அதுவும் இருந்த இடத்திலேயே வழுக்கியது. பிறகு பிளாஸ்டிக் உறை பிரிக்காத கையேட்டை எடுத்து, ஐந்து நிமிடம் படித்து, நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும், மூன்று வருடமாகத் தொடாத சின்ன லீவரை இழுத்தார். ஜீப் ஒரு முறை உறுமியது. வேன் நாய்க்குட்டிபோலப் பின்னாலேயே வந்தது.

சுப்ரமணியன் இறங்கினார். பெயின்ட்டைப் பார்க்கவில்லை. "மறுபடி உள்ள விட்டு இன்னொரு தடவை இழுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேன் இப்டி மாட்டிக்கிறதுதான் மிஸ் பேஜாரு. மலைல பனி வுழுந்தா போலீசும் சாரோட ஜீப்பு மாரி வண்டியத்தான் மேல வுடுவான்" என்றார் சவுரிமுத்து.

வேன் தூங்குவதற்கு, ஜீப் ஏறுவதற்கு என்று ஆகிவிட்டது. "நானே ஓட்டறதா இருந்தா ஜீப் வரும்" என்றார் சுப்ரமணியன்.

அபிதா ஹில்டாவைப் பார்த்தாள். இருவர் மட்டும் என்றல்லவா பேச்சு. ஹில்டாவுக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் சற்றுமுன் லீவரை இழுத்தபோது அந்த மனிதரின் முகம் இருந்த இருப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

"சார் வரட்டும்" என்றாள். "பொட்டில ரெண்டு பேருக்குத்தான் இடம். அவர் ஜீப்லயே படுத்துக்கட்டும்."

"இவர் உயரத்துக்கு அதுவே தாராளம்" என்றாள் அபிதா.

ஜனவரியில் போனார்கள். வேனை மணாலிக்குக் கீழே கூடாரத் திடலில் நிறுத்திவிட்டு, தினமும் காலையில் ஜீப்பில் மேலே ஏறினார்கள். முதல் நாள் ஹில்டா ஒன்பது முறை விழுந்தாள், அபிதா பதினொரு முறை. மூன்றாம் நாள் இருவரும் அறுபதடி தூரம் விழாமல் வந்தார்கள். டீ குடித்தபடி வேடிக்கை மட்டும் பார்ப்பதாகச் சொல்லியிருந்த சுப்ரமணியன், நான்காம் நாள் யாரிடமும் கேட்காமல் கட்டைகளை மாட்டிக்கொண்டார். குழந்தைகள் பழகும் சரிவில் நேராக வந்தார், நிறுத்தத் தெரியாமல் நூடுல்ஸ் கடையைத் தாண்டினார், பின்னால் இருந்த பனிக்குவியலில் மல்லாந்து புதைந்தார்.

"அடி பட்டுதா?" என்று ஓடினாள் அபிதா.

"இல்ல" என்றார், வானத்தைப் பார்த்தபடியே. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன். நீங்க சாப்பிடுங்க."

அவர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், அவருடைய தட்டையும் சேர்த்து.