இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு ஒரே கையெழுத்து

1

டிங். டிங். டிங்.

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது. வியாழக்கிழமை மாலை, தெரணியகலை பஸ். பக்கத்து இருக்கையில் இருந்த நபீலா டீச்சரின் போன் இருபத்துமூன்று தடவை அடித்தது. லொத்தர்ப் பரிசு விழுந்துவிட்டதா மிஸ் என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். டீச்சர் சிரித்தார். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். (தப்புத்தான். ஆனால் பத்திரிகைக்கு வாரம் ஒரு கதை கொடுக்கிறவன் அடுத்தவர் போனைப் பார்க்காமல் எப்படிக் காலந்தள்ளுவது?)

மிச்சத்தை டீச்சர் அடுத்த வாரம் அதே பஸ்ஸில் சொன்னார்.

2

விஷயம் இதுதான். கேகாலையில் நாடகப் போட்டி. டீச்சரின் பாடசாலையிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் இருபத்துநான்கு பேர் சிங்களத்தில் நடிக்கிறார்கள். பெற்றோரின் அனுமதி இந்த முறை தாளில் இல்லை. போனில் படிவத்தைத் திறந்து, விரலால் திரையிலேயே கையெழுத்துப் போட வேண்டும். இலத்திரனியல் கையொப்பம் என்று அதிபர் கூட்டத்தில் மூன்று தடவை சொன்னாராம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் படிவம் தானாக மூடிக்கொள்ளும்.

வந்து சேர்ந்த இருபத்துமூன்றிலும் ஒரே கையெழுத்து. இருபத்துநான்காவது வரவே இல்லை. அது கேஷானியுடையது. நாடகம் முழுக்க ஒரு வழக்கு, நீதிபதி கேஷானி. அவள் போகாவிட்டால் நாடகமே போகாது.

வெள்ளி காலை அதிபர் பார்த்தார். பிள்ளைகளே போட்டிருக்கிறார்கள், பயணத்தை நிறுத்துங்கள் என்றார். டீச்சர் பன்னிரண்டு மணிவரை தவணை கேட்டுக்கொண்டு, த்ரீவீலரில் தோட்டத்துக்கு ஏறினார்.

3

அந்த ஏற்றத்தை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் மரங்கள் நனைந்து

வெட்டிவிட்டேன். மழை என்றால் பால் வெட்டு இல்லை. எல்லாரும் லயத்து வீடுகளில் இருப்பார்கள். டீச்சருக்குத் தேடுகிற வேலை இருக்காது, கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே நல்ல வெயில்.

அடுத்த சிக்கல் ஏழுமலை. தோட்டத்துச் சங்கத் தலைவர், கேஷானியின் அப்பா. முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். 'யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க என்று தலைவர் உறுமி

இதுவும் சரிவரவில்லை. உண்மையான ஏழுமலை டீச்சரைக் கண்டதும் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாராம். தேத்தண்ணி ஊற்றுகிறவரை வில்லனாக்க எனக்குக் கை வராது. மீசையையும் எடுத்துவிட்டேன்.

4

பால் அளக்கும் கொட்டகையில் வைத்து டீச்சர் போனை நீட்டினார். பார்த்தவுடனே ஏழுமலை ஒப்புக்கொண்டார்.

"நாந்தான் போட்டேன் டீச்சர். தண்ணிக்கு, ரோட்டுக்கு, கூரைத் தகரத்துக்கு, எந்தப் பெட்டிசனா இருந்தாலும் எல்லாருக்கும் சேத்து நாந்தானே போடுறது. தோட்டத்துத் தொரையே ஏத்துக்குவாரு."

"தொரை ஏத்துக்குவாரு தலைவர். எங்க அதிபர் ஏத்துக்க மாட்டாரு."

பிள்ளைகள் குற்றவாளிகள் அல்ல. தலைவர் குளித்து, கண்ணாடி போட்டு, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து இருபத்துமூன்று தடவை தன் பெயரை எழுதியிருக்கிறார். வேலை வீணாய்ப் போனதற்கு அவர் கோபப்படவில்லை. வாளிகளோடு வந்த ஆட்களை அவரே மறித்து வரிசையில் நிறுத்தினார்.

விரல்களில் ரப்பர்ப் பால் காய்ந்திருந்தது. திரைக்கு விரல் தெரியவில்லை. உரித்து உரித்து வந்தார்கள். நாடகத்தில் நடிக்கும் லோஜினியின் அம்மா கிருஷ்ணகுமாரி பெரிதாக எழுதத் தொடங்கினார். 'கிருஷ்ண' வரைக்கும் வந்ததும் திரை முடிந்துவிட்டது. போனைத் திருப்பிக் காட்டினார்.

"சாமி மட்டுந்தான் போட்டிருக்காரு டீச்சர். நான் இன்னும் போடல."*

* இந்த வசனம் என்னுடையதல்ல. பொறாமையோடு சேர்த்திருக்கிறேன்.

5

பதினொன்று நாற்பதுக்கு இருபத்துமூன்று கையெழுத்தும் இருபத்துமூன்று விதமாக வந்துவிட்டன. பாக்கி கேஷானி. அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், கையில் போன் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. அவர் போடவில்லை.

இங்கே இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: தலைவர் வெட்கப்பட்டுச் சட்டென்று போடுகிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள். (உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் அவர் போடவில்லையே.)

முடிவு இரண்டு: பெண் பிள்ளையை வெளியூர் அனுப்ப மனமில்லாத அப்பா, அவருக்கு டீச்சர் சொல்லும் புத்திமதி. (எழுதும்போதே கொட்டாவி வந்தது. மேலும், மகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்ததே அவர்தானாம்.)

மூன்றாவது முடிவு உங்கள் பொறுப்பு. கேஷானி கேகாலைக்குப் போனாளா இல்லையா என்று டீச்சர் சொல்வதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது. படிவம் மூட இருபது நிமிடம் இருக்கிறது. அதற்குள் என்ன நடக்க வேண்டுமோ நீங்களே நடத்திக்கொள்ளுங்கள். அங்கே பேசியதை மட்டும் தருகிறேன்.

ஊருக்கெல்லாம் போட்டீங்களே, பெத்த மகளுக்குப் போட மாட்டீங்களா என்று டீச்சர் கேட்டார். ஏழுமலை வெயில் படாமல் போனைக் கைக்குள் பொத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நாலு வருசமா அவ ரிப்போட்டுல எல்லாம் நாந்தான் போட்டேன் டீச்சர், இது போன்ல போடுறதுதானே, அவ அம்மாவே போடட்டும்னு அனுப்பியிருக்கேன்... குவைத்துல இப்ப எத்தன மணி?"