வலது பக்கக் கம்பி

மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் சரிசெய்பவளுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் முன்னாள் கணவனின் தங்கை செய்த போனால் வந்தது.

"அண்ணி, அண்ணன் சுத்தமா மாறிட்டாரு. புதுசா கட்டிக்கிட்டவளை உள்ளங்கையில வச்சுத் தாங்குறாரு. இன்னும் அவர் மேல அந்த அடிதடி கேஸ் எதுக்கு? சாயங்காலம் வக்கீல் ஆபீசுக்கு வந்து வாபஸ்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு போனில் புதியவளின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அவன் தோளில் சாய்ந்து ஈயென்று சிரிப்பு. முகத்தில் தங்க நிற பிரேம். அதன் விலை கடைக்காரிக்குத் தெரியாதா? தனக்கு அவன் வாங்கித் தந்ததெல்லாம் மட்டமான பிளாஸ்டிக். மகராசி, கொடுத்து வைத்தவள்! அவளை மட்டும் தாங்குகிறான் என்றால் கோளாறு தன்னிடம்தானே இருந்திருக்க வேண்டும்? தன் சமையலா, வாயா, மூஞ்சியா? அந்த எரிச்சலில்தான் சரி என்றதும்.

மதியம், கடை காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அந்தப் புதியவளேதான். இவள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையிலிருந்து தங்க நிற பிரேமை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, தெரியாம இது மேல உக்காந்துட்டேன். சரி பண்ணித் தர்றீங்களா?"

கண்ணாடி மேல் உட்கார்ந்தால் இரண்டு பக்கக் கம்பியும் விரிந்துகொள்ளும். தினமும் பார்க்கிற சங்கதி. இதில் வலது பக்கக் கம்பி மட்டும் உள்பக்கமாக மடிந்திருந்தது. அவன் இடது கைக்காரன்.

முதலில் வந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். உனக்கும்தானா! அப்படியென்றால் என் சமையலும் இல்லை, என் வாயும் இல்லை. நெஞ்சு குளிர்ந்தேபோனது. அடுத்த நொடி, சீ, இதற்குப் போயா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

குறடால் கம்பியை நிமிர்த்தி, மாட்டிப் பார்க்கக் கையை அவள் முகத்தருகே கொண்டுபோனாள். புதியவள் கண்ணை இறுக மூடி, தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, நான்தான்."

புதியவள் அசடு வழியச் சிரித்தாள். "இது ரெண்டாவது தடவைக்கா. இனிமே நடக்காதுன்னு சத்தியம் பண்ணியிருக்காரு."

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஜையில் போன் அடித்தது. தங்கைக்காரிதான்.

"அண்ணி, கிளம்பிட்டீங்களா?"

"வரலை. கையெழுத்தும் கிடையாது. கேஸ் நடக்கட்டும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு."

வைத்துவிட்டுப் புதியவளின் பக்கம் திரும்பினாள்.

"உன் வீட்டுக்காரரோட முதல் பொண்டாட்டி நான்தான். நானும் வருஷக்கணக்கா கண்ணாடி மேல உக்காந்தவதான். ஒவ்வொரு தடவையும் சத்தியம் பண்ணுவாரு. நீ எப்பக் கிளம்பணும்னு நினைச்சாலும் இங்க வா. நான் கூட வர்றேன்."

புதியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படுவாள் என்றுதான் இவள் நினைத்தாள். அவளோ நிமிர்த்திய கம்பியைத் தடவியபடி தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"உங்களுக்கும் வலது பக்கம்தானாக்கா?"