வானத்து வீட்டுக்காரன்

ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டில் இருதயம்மாளும் மகள் பின்சியும் டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு வருடம் கழித்து வானத்தில் வாழப்போகும் ஒரு குடும்பத்தின் கதை. அன்றைக்கு முதலாளி அந்த வீட்டு அப்பனை வேலையை விட்டே துரத்திவிட்டான். அவனோ பறக்கும் காரில் வீட்டுக்கு வந்து, ரோபோ நீட்டிய காப்பியைச் சாவகாசமாகக் குடித்தான்.

இருதயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "வேலதான் போயிருச்சுல்ல? இன்னும் ஏன் வீட்டக் காலி பண்ணாம ஒக்காந்திருக்கான்?"

பின்சி சிரித்தாள். "அது அவனோட சொந்த வீடும்மா."

"சொந்த வீடா?"

பின்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து கிள்ளிய அம்மா போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கம்பெனிக் கடிதம் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது.

டிவியில் முதலாளியே வீடு தேடி வந்து, வேலைக்குத் திரும்பச் சொல்லிக் கெஞ்சினான். படத்தோடு சேர்த்திருந்த, யார் யாரோ கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"வேல போனவனுக்கும் வீடு இருக்கும்னு எவனோ ஒருத்தன் நெனச்சுப் பாத்திருக்கான்," என்றாள் இருதயம்மாள், ரிமோட்டை அழுத்தி டிவியை அணைத்து. "அதையும் ஊரு சிரிக்கதுக்குல்ல எடுத்து வச்சிருக்கான்!"