மண் டப்பாக்களைக் கழுவியவள்

விடியுமுன் ஐந்து மணிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. நெப்ராஸ்காவில் இந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தை முப்பத்தொரு வருடமாகப் பெருக்கித் துடைக்கிறேன். நவம்பரில் ஒருநாள் மண் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் மண் மாதிரி வைக்கும் தகர டப்பாக்களோடு நின்றதைப் பார்த்ததும், எதையோ தூக்கிப் போக வந்தவள் என்றே நினைத்தேன்.

"யாரும்மா நீ?"

"எஃபுவா. கானாலேர்ந்து வந்திருக்கேன். முதுகலை முதல் வருஷம். புரொபசர் லிண்ட்குவிஸ்ட் வரச் சொன்னாரு. 'குடுக்கப் பணமில்ல, வேணும்னா வந்து பழகிக்கோ'ன்னாரு."

உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணம் தள்ளுபடி, கையிலும் சம்பளம். ஆனால் முதல் பந்தி பிஎச்டிக்காரர்களுக்கு. முதுகலை என்றால் மிச்சம்தான். பதினொரு கதவு தட்டியிருக்கிறாள். அப்பா டாக்ஸியை விற்று முதல் பருவத்துக்குக் கட்டியிருக்கிறார். அடுத்ததற்கு டிசம்பர் இரண்டாம் வெள்ளி கடைசி. தவறினால் ஊர் திரும்ப வேண்டும்.

"சும்மா செய்யிற ஆளுக்கு எவன் காசு குடுப்பான்? பைத்தியமா நீ?"

"வேலையப் பாத்தா மனசு மாறும், பெரியவரே."

"அப்ப அவர் இருக்கிறப்ப செய்யேன்!"

"முன்னாடி நின்னு செஞ்சா பிச்சை கேக்குற மாதிரி இருக்கு."

ஒரு மாதம் தினமும் வந்தாள். சோதித்து முடிந்த மண்ணைக் கொட்டி, டப்பாவைக் கழுவி, எண் பார்த்து அடுக்கிவிட்டு, எட்டு மணி வகுப்புக்கு ஓடுவாள்.

கடைசி வாரத் திங்களன்று லிண்ட்குவிஸ்ட் ஒரு பெட்டி டோனட்டை என் கையில் திணித்தார். "வெர்லின், ஆய்வுக்கூடம் பளபளன்னு இருக்கு. ரொம்ப நன்றிய்யா." தரையைச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டைத் தின்றேன்.

வியாழனன்று எஃபுவா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டப்பாவப் பத்தி புரொபசர் ஏதாவது சொன்னாரா?"

அப்போதுதான் உறைத்தது. அவர் மெச்சியது தரையை அல்ல, டப்பாக்களை. அவளுக்குச் சேர வேண்டிய பெயரை நான் தின்றிருந்தேன்.

பத்து மணிக்கு அவர் மேசையில் பெட்டியை வைத்தேன். "இதுல ரெண்டு குறையுது. டப்பா கழுவினது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"எஃபுவா. நான் கழுவினா எண் பாத்து அடுக்குவேனா? மூடியையே மாத்திப் போடுற ஆளு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணு அப்புறம் வரவேயில்லன்னு நெனச்சேன்."

"தினம் அஞ்சு மணிக்கு வருது. கதவத் திறக்கிறவன் நான்."

"முழு வேலை பிஎச்டி பையனுக்குப் போயிடுச்சு. மண் சலிக்க அரை வேலை ஒதுக்கலாம். திங்கக்கிழமை பேசி..."

"திங்கக்கிழமை அது விமானத்துல இருக்கும். இப்பவே எழுதுங்க."

துடைப்பத்தை வாசலுக்குக் குறுக்கே சாத்தினேன். இவர்கள் வாய்ச்சொல் நான் துடைத்த தரையைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். சிரித்தார், ஆனால் எழுதினார்.

தாளை எஃபுவா இரண்டு முறை படித்தாள். பாதிக் கட்டணம் தள்ளுபடி; மிச்சத்தைத் தவணையில் கட்டலாம். என் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து அழுதாள்.

"அழ என் வாளிதான் கெடச்சுதா?" என்று, அவர் மேசையிலிருந்து திரும்ப எடுத்து வந்த பெட்டியிலிருந்து ஒரு டோனட்டை நீட்டினேன்.

"காஞ்சு போச்சே!"

"மூணு நாளா வச்சிருந்தது உனக்குத்தான்னு தெரியாமப் போச்சு. தின்னு."

திங்களன்று ஐந்து மணிக்கு ஆய்வுக்கூடம் இருட்டாகக் கிடந்தது. எஃபுவாவை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் கதவருகே ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சொன்னபடி செய்கிறாரா என்று பார்க்க வேண்டாமா?

அவர் பக்கத்தில் நின்று பார்க்க, எஃபுவா டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.