மதினியின் மதராஸ் நெஞ்சு

பரீதா மதராசுக்குப் போய் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டு வந்ததிலிருந்து, அவளைப் பார்க்கப் போகும் பெண்களுக்குத் தேத்தண்ணிக்கு முன்னால் தழும்புதான் வந்தது. கதவைச் சாத்தச் சொல்வாள். முக்காட்டை விலக்கிச் சட்டையின் மேல் ஊக்குகளைக் கழற்றுவாள். கழுத்துக் குழியிலிருந்து நேரே கீழிறங்கும் சிவந்த கோட்டை, அரசாங்கம் கொடுத்த பதக்கம் மாதிரி ஒருத்தி விடாமல் காட்டுவாள்.

ரபீக்காவுக்கு அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கிண்ணியாச் சந்தையில் கோழி அறுப்பவன்கூட இதைவிட நேராக அறுப்பான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். ஆனாலும் வாரம் தவறாமல் பாதைப் படகில் ஏறித் துறை கடந்து, பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த மாடி வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அது அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் கலீலுர் றஹ்மான் ஹாஜியாரின் வீடு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு இறைச்சியும் மரக்கறியும் கொடுத்துப் பெரிய ஆளானவர். பரீதா அவருடைய மனைவி. மதினிக்கும் நாத்திக்கும் நாற்பது வருடமாகப் பொருத்தமில்லை. இருவருக்கும் பொதுவாக வாய்த்தது வருத்தம் மட்டும்தான். இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள், இரண்டு பேருக்கும் சீனி வருத்தம் என்ற நீரிழிவு, இரண்டு பேருக்கும் நடந்தால் நெஞ்சு நோவு.

"என்ட காலில இருந்த நரம்பை உருவி எடுத்துத்தான் இதயத்துக்குப் புது வாய்க்கால் வெட்டினவங்க," என்று பரீதா ஒருநாள் கூடியிருந்த பெண்களுக்கு விளங்கப்படுத்தினாள். "பழைய வழி அடைச்சுப்போச்சு. இப்ப ரத்தம் புது வழியால போகுது."

"அப்ப மதினி, இனி ஒங்களுக்குக் கால் நொந்தா நெஞ்சைத் தடவுறதா, நெஞ்சு நொந்தா காலைத் தடவுறதா?" என்று ரபீக்கா கேட்டாள்.

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். பரீதா சிரிக்கவில்லை. "கப்பலேறி மதராஸ் போகாதவளுக்கு இதெல்லாம் எங்க விளங்கப் போகுது," என்றாள்.

அந்தக் காலில் நரம்பு எடுத்த இடம் மாதக்கணக்காக ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் பரீதா யாருக்கும் காட்டவில்லை.

மதராஸ் டாக்டர் கத்தி வைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார். சீனியை அடக்கி வைக்காவிட்டால் புது வழியும் பழைய வழி மாதிரியே அடைபடும். ஹாஜியார் அதைக் கேட்டுத் தலையாட்டினார். பரீதாவும் தலையாட்டினாள். ஊருக்கு வந்ததும் அவளுடைய பேச்சு வேறாகிவிட்டது. இதயமே புதிதாகிவிட்டது, பழைய வருத்தத்துக்கு இனி இங்கே என்ன வேலை என்றாள். இன்சுலின் ஊசியைக் கொதிக்க வைக்கும் சட்டி குசினி மூலைக்குப் போயிற்று. நோன்பு காலத்தில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம் தட்டு நிறைய வந்தது. வேண்டாம் என்று சொன்ன மருமகளைப் பார்த்து, "கத்தி பட்டவள் நான், பயம் ஒனக்கா?" என்று கேட்டாள்.

ரபீக்கா இதையெல்லாம் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் மகள் நஜ்முன் நிஸாவிடம் நடித்துக் காட்டுவாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இழுத்தால் ரபீக்காவின் இடது கை கனத்து, தாடை வரைக்கும் நோவு ஏறும். அப்போது நாக்குக்குக் கீழே ஒரு சின்னக் குளிசையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். அந்த நேரங்களில் அவளுக்கு மதினியின் ஞாபகம் வரும். மதினி மாடிப்படி ஏறுகிறாள், மூச்சு வாங்காமல் ஏறுகிறாள் என்ற எரிச்சல் வரும். தனக்கும் அப்படியொரு கோடு வேண்டும் என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமலே காக்கா கேட்டார். "நீயும் வா ரபீக்கா. உனக்கும் செய்வம்." வேண்டாம் என்று சொல்வதற்கு அவள் எடுத்த நேரம் மிகக் குறைவு. சரி என்று சொல்வதற்கு அதைவிடக் குறைவு.

காக்காவோடும், நஜ்முன் நிஸாவின் கணவரான தன் மருமகன் முனாபோடும் ரயிலில் தலைமன்னார் போய், கப்பலேறி, மதராஸ் போய்ச் சேர்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் காலிடுக்கு வழியாகக் குழாய் விட்டு, சாயம் ஏற்றி, இதயத்தைப் படம் பிடித்தார்கள். மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டிப் பொறுமையாகச் சொன்னார். பெரிய குழாய் ஒன்றிரண்டு அடைபட்டிருந்தால் அதைத் தாண்டி ஒட்டுப்போடலாம். இவருக்கு நீண்ட நாள் சீனியால் சின்னக் கிளைகள் எல்லாமே நுனி வரைக்கும் சுருங்கியிருக்கின்றன. தைப்பதற்கு நல்ல இடமே இல்லை. இந்த வயதில் வெட்டினால் கிடைப்பதை விட இழப்பதுதான் அதிகம். மருந்தோடும் கட்டுப்பாட்டோடும் இருப்பதே நல்லது.

நல்லது என்ற சொல்லைக் கேட்டு ரபீக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனதைப் போல இருந்தது.

கப்பல் தலைமன்னாரை அடைவதற்குள் அவள் கதையைத் தயார் செய்துவிட்டாள். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், "வெட்டத்தான் நிண்டவங்க. நான்தான் ஏலாது எண்டுட்டன். அல்லாஹ் தந்த நெஞ்சைக் கொண்டுபோய்த் தையற்காரனிட்டக் குடுக்கவா?" என்றாள். முனாப் பக்கத்தில் இருந்தால் அந்த நேரம் யன்னலுக்கு வெளியே எதையாவது பார்ப்பார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வெறியோடு மருந்து சாப்பிட்டாள். பாகற்காயும் குரக்கன் பிட்டும் தவிர வேறு ஒன்றும் வாயில் வைக்கவில்லை. காலையில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் மருந்துநீரோடு காய்ச்சிப் பார்ப்பாள். செங்கல் நிறம் வந்தால் சீனி ஏறிவிட்டது, நீலமாகவே இருந்தால் அடங்கியிருக்கிறது. நீலம் கண்ட நாட்களில் குழாயைத் தூக்கிப் பிடித்து, துறைக்கு அப்பால் திருகோணமலைப் பக்கம் பார்த்து, "பாருங்க மதினி," என்பாள். உயிர் மேல் ஆசையால் அல்ல. மதினிக்கு முன்னால் மவுத்தாகி, அவள் வந்து தன் மையத்து உடலைப் பார்த்துப் பரிதாபப்படும் காட்சியை நினைக்கவே அவளால் முடியவில்லை.

பரீதாவின் பேத்தி ஜெஸீமாவின் கல்யாணம் வந்தது. வீடு நிறைந்த சனம். பரீதா பட்டு உடுத்திக் கதிரையில் வீற்றிருந்து, வந்தவர்களையெல்லாம் ஏவிக்கொண்டிருந்தாள். நடுவில் காணாமல் போனாள். தண்ணீர் குடிக்கப் போன ரபீக்கா குசினியில் அவளைக் கண்டாள். பரீதா சுவரில் கைகளை ஊன்றி நின்றாள். முகத்தில் வியர்வை வழிந்து பட்டில் சொட்டியது.

ரபீக்காவுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. இடுப்பிலிருந்த போத்தலைத் திறந்து ஒரு குளிசையை மதினியின் நாக்குக்குக் கீழே வைத்து அமர்த்தினாள்.

"எவ்வளவு நாளா?"

"நோன்புக்குப் பிறகு," என்றாள் பரீதா மெல்ல. "ஒருத்தருக்கும் சொல்லாத."

"எதைச் சொல்லப் போறன்? மதராஸ் வாய்க்கால் மண் மூடிப்போச்சு எண்டா?"

நோவு இறங்கியதும் பரீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு சபைக்குப் போனாள். சற்று நேரத்தில் அறைக்குள்ளிருந்து, கதவைச் சாத்தும்படி அவள் யாரிடமோ சொல்லும் குரல் கேட்டது. தழும்பு பார்க்காத பெண் ஒருத்தி மாப்பிள்ளை பக்கத்தில் வந்திருந்தாளாம். ரபீக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு கிளினிக் நாளில், அரசாங்க ஆஸ்பத்திரி வாங்குப் பலகையின் கடைசியில் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு ஒரு பெண் குந்தியிருப்பதை ரபீக்கா பார்த்தாள். செருப்பைக் கண்டதும் ஆளைக் கண்டுகொண்டாள்.

"மதினி! இங்கால வாங்க, இஞ்ச இடமிருக்கு!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

பரீதா எழும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்துணியை விலக்கினாள். கண் சிவந்திருந்தது.

"சந்தோஷமா ஒனக்கு?"

"பொய் சொல்ல ஏலாது, சந்தோஷம்தான். கத்தி பட்ட நீங்களும் கத்தி படாத நானும் ஒரே குளிசைக்கு ஒரே வாங்கில இருக்கிறம்."

"ஒண்டரை வருஷம் நான் மாடி ஏறி இறங்கினனான்," என்றாள் பரீதா. "கடற்கரைக்கு நடந்தனான். நீ நடந்தியா? அதைக் கெடுத்தது என்ட வாய்தான். எனக்கு அது தெரியும், நீ சொல்லத் தேவையில்ல." கொஞ்சம் மூச்சு எடுத்தாள். "இன்னொண்டும் தெரியும். நீ வேண்டாம் எண்டு திரும்பி வரல்ல. அவங்கதான் ஏலாது எண்டவங்க. உன்ட காக்கா வந்த அண்டைக்கே சொன்னவர். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

ரபீக்கா நகர்ந்து மதினிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். நர்ஸ் மிஸி பெயர் கூப்பிட்டதும் இருவரும் ஒன்றாக எழும்பினார்கள்.

பரீதா மறுபடி ஊசி போடத் தொடங்கினாள். ஆனால் பிந்திவிட்டது. உணர்ச்சி செத்த காலில் செருப்பு ஆணி குத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பெருவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள். மாரி மழை தொடங்கிய மாதம், பின்னேரத் தேத்தண்ணி கொண்டுபோன மருமகள் அவள் கட்டிலில் மூச்சு அடங்கிப்போயிருப்பதைக் கண்டாள்.

மையத்து வீட்டில் ஒருத்தி மூக்கைச் சிந்தியபடி, "வயசுபோன மனிசியை மதராஸ் டாக்டர்மார்தான் கிழிச்சுச் சாகடிச்சுப்போட்டாங்க," என்றாள்.

"வாயைப் பொத்து," என்றாள் ரபீக்கா. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அந்த மனிசன் தன்ட வேலையைச் சரியாத்தான் செய்தவர். செய்யாதது நாங்க. எனக்கு வெட்டவே இடமில்ல எண்டு திருப்பி அனுப்பினவங்க, அது தெரியுமா ஒனக்கு? அவவுக்கு இடமிருந்தது. இருந்த இடத்தை வட்டிலாப்பத்தால நிரப்பினவ. தழும்பு பாக்க வந்து வந்து தட்டு நிறையத் திண்டுபோட்டுப் போனவளும் நீதான்."

அதற்கு மேல் யாரும் டாக்டரைத் திட்டவில்லை.

ஏழாம் நாள் ஓதி முடிந்ததும் ஹாஜியார் தனியாக உட்கார்ந்து தேத்தண்ணிக்குள் சீனியைக் கரண்டி கரண்டியாய்ப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். ரபீக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காக்கா, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருக்கா சோதிச்சுப் பாருங்களன்."

"எனக்கென்ன? எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றார் அவர். கோப்பையைத் தூக்கி, அவள் முன்னாலேயே அடிச்சீனி வரைக்கும் குடித்து முடித்தார்.